என் மனைவியின் மூச்சை எண்ணிய ரூபிடியம்

1

“…அப்ப மிசினு சரியாயிட்டா நீ போயிருவ, சரியாகலன்னா இங்கனயே இருப்ப. அவ்வளவுதானட்டி?”

கேட்டவள் என் மனைவி சண்முகக்கனி. கேட்கப்பட்டவள் எங்கள் மகள் நித்யா. இடம், பினாங்குத் தீவில் ஒரு பல்கலைக்கழகக் கட்டடத்தின் கீழ்த்தளம். அங்கே அறைக்குள் அறையாக உலோகத் தகட்டில் கட்டிய ஒரு பெட்டி. பெட்டிக்குள் நான் செய்துகொடுத்த மர நாற்காலி. நாற்காலியில் கனி. கனியின் தலையில் சைக்கிள் பந்தயக்காரர்கள் மாட்டுவதுபோல ஒரு தொப்பி. தொப்பியின் பொந்துகளில் நான்கு கறுப்புக் கட்டைகள், ஒவ்வொன்றும் கட்டைவிரல் அளவு.

நித்யா வாசலில் நின்றாள். அவள் வாயைத் திறப்பதற்குள் உங்களுக்கு நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொல்லிவிடுகிறேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை. ஒருவர் பதில் யோசிக்கும் இடைவெளியில் நான் ஒரு கட்டுரை அளவுக்குப் பேசிவிடுவேன்.

இந்த மாதத்தோடு நாங்கள் கோவில்பட்டியை விட்டு வந்து இருபத்து மூன்று வருடம். இரண்டே வருடம் என்று சொல்லிவிட்டு வந்தேன். என்னை அனுப்பிய ஏஜெண்டும் இரண்டு வருடம் என்றுதான் சொன்னார். அவர் சொன்ன மற்றதெல்லாம் பொய் என்று விமான நிலையத்திலேயே தெரிந்துவிட்டது. இது மட்டும் பொய் என்று தெரிய எனக்கு நாளானது, ஏனென்றால் இந்தப் பொய்யை நானே தினமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வருடா வருடம் இந்த மாதத்தில் உங்களுக்கு ஏதாவது எழுதுவது வழக்கம். ஒரு வருடம், நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் சிவப்பு அடையாள அட்டைக்காக வரிசையில் நின்றதை எழுதினேன். இன்னொரு வருடம், அந்த வரிசையின் முடிவில், வேறு வரிசையில் நிற்கச் சொன்னதை எழுதினேன். இந்த வருடம் குவாண்டம் உணரிகள். பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பிளஸ் டூ இயற்பியலில் என்னைக் கரையேற்றியது யாரோ ஒரு வாத்தியாரின் கருணைதான். எனக்கே புரிந்தது என்றால் உங்களுக்குக் காலைக் காப்பி ஆறுவதற்குள் புரியும்.

2

நித்யாவுக்கு இப்போது இருபத்தைந்து. வீட்டிலிருந்து பல்கலைக்கழகம் கால்மணி நேரம். இருந்தும் பக்கத்திலேயே அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். வீட்டு வைஃபை மெதுவாக இருக்கிறதாம். காரணம் வைஃபை இல்லை என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் எனக்கு அனுப்பிய குறுஞ்செய்திகளிலேயே நீளமானது ‘ஓகேப்பா’.

மூன்று மாதத்துக்கு முன்னால் அவளே போன் செய்தாள். இரும்பே இல்லாமல் ஒரு நாற்காலி வேண்டும், ஆணிகூட இருக்கக்கூடாது, முடியுமா என்று கேட்டாள். வெளிநாட்டில் பிள்ளை வளர்த்த தகப்பனுக்கு இப்படி ஒரு அழைப்பு வருவது லாட்டரி மாதிரி. எனக்குப் பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்பு வேலை. உடனே மாக் மண்டினில் பட்டறை வைத்திருக்கும் நண்பரிடம் ஓடினேன். பொருத்துகளுக்கு மர முளை, தவிர்க்க முடியாத இடத்தில் பித்தளைத் திருகு. செய்து முடித்ததும் ஒரு காந்தத்தை நூலில் கட்டி, நாற்காலியின் நாலு காலையும் சுற்றி வந்து பரிசோதித்தேன். காந்தம் ஒரு பக்கமும் சாயவில்லை. மந்திரவாதி மாதிரி இருக்கிறீர்கள் என்றார் பட்டறைக்காரர்.

நாற்காலியை இறக்கப் போன அன்றுதான் அந்தக் கறுப்புக் கட்டைகளைப் பார்த்தேன். கட்டைக்குள் சர்க்கரைக் கட்டியைவிடச் சிறிய ஒரு கண்ணாடிக் கூடு. அதற்குள் ரூபிடியம் என்ற உலோகம், லேசாகச் சூடாக்கி ஆவியாக அடைத்தது. ஒரு பக்கத்திலிருந்து லேசர் ஒளி உள்ளே போகிறது. மறுபக்கத்தில் எவ்வளவு ஒளி வெளியே வருகிறது என்று பார்க்க ஒரு கண். இயந்திரம் மொத்தமும் இவ்வளவுதான்.

நித்யா எனக்கு அதை விளக்கினாள். மலாயும் ஆங்கிலமும் கலந்த அவளுடைய தமிழை நான் கோவில்பட்டித் தமிழுக்கு மாற்றித் தருகிறேன். ஒவ்வொரு ரூபிடிய அணுவும் ஒரு பொடிக் காந்தம். சாதாரணமாக அவை ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டிருக்கும், கல்யாண வீட்டுப் பந்திக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி. லேசர் ஒளி வந்து எல்லாவற்றையும் ஒரே பக்கம் திருப்பிவிடுகிறது. அப்படித் திரும்பி நின்றுவிட்டால் அணுக்கள் மேற்கொண்டு ஒளியை விழுங்குவதில்லை. ஒளி தடையில்லாமல் மறுபக்கம் போய்ச் சேருகிறது. இப்போது வெளியிலிருந்து துளிக் காந்தப்புலம் வந்தால் அணுக்கள் கொஞ்சம் ஆடிச் சாய்கின்றன. சாய்ந்ததும் மறுபடி ஒளியை விழுங்கத் தொடங்குகின்றன. மறுபக்கம் வெளிச்சம் குறைகிறது. வெளிச்சம் எவ்வளவு குறைந்தது என்று பார்த்தால் காந்தப்புலம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். பள்ளிக்கூடப் பிரார்த்தனையில் எல்லாப் பிள்ளைகளும் தலைமையாசிரியரைப் பார்த்து நிற்கும்போது வாசலில் ஐஸ் வண்டி போனால் எத்தனை தலை திரும்புகிறது என்று எண்ணுவதுபோலத்தான்.

இதில் குவாண்டம் எங்கே வந்தது என்று கேட்டேன். அணு நம் இஷ்டத்துக்கு வளையாதாம். அதன் ஆற்றல் படிக்கட்டு மாதிரி. இந்தப் படி, இல்லாவிட்டால் அடுத்த படி, நடுவில் நிற்க இடமில்லை. அந்தப் படிகளின் உயரம் பினாங்கில் இருக்கும் ரூபிடியத்துக்கும் ஜெர்மனியில் இருக்கும் ரூபிடியத்துக்கும் ஒன்றே. எங்கள் தொழிற்சாலையில் ஒரே அச்சில் வந்த இரண்டு போல்ட்டுகள் ஒன்றுபோல் இருந்தால் மேனேஜர் அன்று சிரிப்பார். அணுவை யாரும் அச்சில் வார்க்கவில்லை, ஆனாலும் இம்மி பிசகாது. அதனால்தான் அதை நம்பி அளக்கலாம்.

இன்னொன்றும் சொன்னாள். குவாண்டம் நிலையில் இருக்கும் எதுவும் ரொம்ப எளிதில் கலைந்துவிடும். பக்கத்தில் யார் எது செய்தாலும் அதைப் பாதிக்கும். கணினி கட்டுகிறவர்களுக்கு அது தலைவலி. அளவெடுக்கிறவர்களுக்கு அதுவே பிழைப்பு. எங்கள் குடும்பத்தில் இந்தக் குணம் உள்ளவர்களைத் தொட்டாற்சிணுங்கி என்று சொல்லி விசேஷத்துக்குக் கூப்பிடாமல் விட்டோம். இங்கே உணரி என்று பேர் வைத்து ஏசி போட்டுக் கொடுக்கிறார்கள்.

இந்தக் குணத்தை வைத்துக்கொண்டு இவர்கள் செய்யாத வேலை இல்லை. அணுக்களை லேசரால் அசையாமல் குளிரவைத்து, கீழே விழவிட்டு, விழும் வேகத்தில் உள்ள துளி வித்தியாசத்தை வைத்துப் பூமிக்கடியில் பொந்து இருக்கிறதா, நிலத்தடி நீர் குறைகிறதா, எரிமலைக்குள் குழம்பு நகர்கிறதா என்று பார்க்கிறார்கள். அணுக் கடிகாரம் ஒன்றை ஒரு சாண் உயர்த்தி வைத்தால் அது கீழே இருப்பதைவிட வேகமாக ஓடுவது தெரிகிறதாம். காரணம், உயரத்தில் ஈர்ப்பு குறைவு. வைரத்துக்குள் ஒரு அணுவை எடுத்துவிட்டு இன்னொன்றை மாற்றி வைத்து, அந்தக் குறையைக் கொண்டு ஒரு உயிரணுவுக்குள் இருக்கும் காந்தத்தை அளக்கிறார்கள். குறையுள்ள வைரத்துக்கு இவ்வளவு மதிப்பு என்று நம் ஊர் நகைக்கடைக்காரர்களுக்குத் தெரியாமல் இருப்பது நல்லது.

நித்யாவின் வேலை மனிதத் தலை. மூளையில் நரம்புகள் வேலை செய்யும்போது சின்ன மின்னோட்டம் ஓடுகிறது. மின்னோட்டம் இருந்தால் காந்தம் இருக்கும். அந்தக் காந்தம் பூமியின் காந்தத்தில் ஏறக்குறைய நூறு கோடியில் ஒரு பங்கு. மின்சாரம் மண்டையோட்டைத் தாண்டி வருவதற்குள் கலங்கிவிடும், காந்தப்புலம் அப்படியே வெளியே வரும். அதனால் வலிப்பு நோய்க்காரர்களுக்கு மூளையில் எந்த மூலையில் கோளாறு தொடங்குகிறது என்று கத்தி வைப்பதற்கு முன்னாலேயே சுட்டிக்காட்ட முடியும். இதற்கு முன்னால் இருந்த கருவிக்கு ஹீலியத்தைத் திரவமாக்கி ஊற்ற வேண்டும். அதுவும் ஒரு குவாண்டம் உணரிதான், ஆனால் ஆளையே விழுங்கும் அளவு, அதற்குள் தலையை நீட்டி ஆடாமல் இருக்க வேண்டும். வலிப்பு வரும் குழந்தையிடம் ஆடாமல் இரு என்று சொல்வது எப்படிப்பட்ட யோசனை என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். புதியது தொப்பி. தலை ஆடினால் தொப்பியும் ஆடும்.

அந்தோணி அண்ணன் அங்கே ஆய்வக உதவியாளர். பினாங்கிலேயே பிறந்து வளர்ந்த கத்தோலிக்கர், இந்த ஊர் வழக்கப்படி பேச்சுக்குப் பேச்சு ‘லா’ சேர்ப்பவர். அவர் பேசுவதை எழுதிக்கொள்ளவே நான் சட்டைப் பையில் குறிப்பேடு வைத்திருக்கிறேன். விளக்கமெல்லாம் முடிந்ததும் அவர் என் காதோரம் வந்தார். “எல்லாத்தையும் கண்டுபிடிக்கும் லா அண்ணே. காரு பார்க்ல எடம் காலியா இருக்கான்னு மட்டும் இதுக்குத் தெரியாது.”

3

நூறு கோடியில் ஒரு பங்கைக் கேட்க வேண்டுமென்றால் மற்ற எல்லாரும் வாயை மூட வேண்டும். அதற்குத்தான் அந்த உலோகப் பெட்டி. வெளிக் காந்தத்தைத் தன் உடம்பின் வழியாகவே சுற்றிக் கடத்திவிடும் ஒரு வகைத் தகடு. அப்படியும் லிஃப்ட் மேலே போனால் திரையில் கோடு மேலே போகும். கீழே வந்தால் கோடும் வரும்.

எனக்கு இது பழகிய தொல்லை. கோவில்பட்டியில் என் முதல் வேலை ரேடியோ ரிப்பேர் கடையில். பக்கத்து மாவு மில்லில் மோட்டார் போட்டால் எங்கள் கடையில் இருக்கும் எல்லா ரேடியோவும் பொரியும். வாடிக்கையாளர் வந்து, ரிப்பேருக்குக் கொடுத்தபோதே நன்றாகப் பாடியதே என்பார். முதலாளி அவரைப் பேச்சில் நிறுத்தி வைப்பார், மில்லில் மோட்டார் நிற்கும்வரை. ஊர் நியாயத்தில் ஆரம்பித்து உலக அரசியல்வரை போகும் அந்தப் பேச்சு. நான் பேசக் கற்றது அங்கேதான். சத்தத்துக்கு நடுவில் எது பாட்டு, எது மில் என்று பிரிக்கக் கற்றதும் அங்கேதான். அதற்குச் சான்றிதழ் யாரும் தரவில்லை.

அந்தோணி அண்ணனின் தீர்வு வேறு மாதிரி. லிஃப்டை நிறுத்த அனுமதி கேட்டு மனுப் போட்டார்கள். மனு எந்த மேசைக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்யவே ஒரு கூட்டம் போட்டார்களாம். அண்ணன் ஒரு தாளில் ‘ரோசாக்’, அதாவது பழுது, என்று மலாயில் பெரிதாக எழுதி, நன்றாக ஓடிக்கொண்டிருந்த லிஃப்டின் கதவில் ஒட்டிவிட்டார். சனிக்கிழமைகளில் ஒட்டுவார், திங்கட்கிழமை கிழிப்பார். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. பழுது என்று சொன்னால் சந்தேகப்படாமல் நம்பும் நல்ல மனிதர்கள்.

4

கட்டைகள் ஜெர்மனியிலிருந்து இரவல். அடுத்த திங்கட்கிழமை திரும்பப் போயாக வேண்டும். அங்கிருக்கும் பேராசிரியர் நித்யாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தார். ஒரு மனிதத் தலையிலிருந்து சுத்தமான ஒரு பதிவு. கண்ணைத் திறந்து ஐந்து நிமிடம், மூடி ஐந்து நிமிடம். கண்ணை மூடி மனதைத் தளர்த்தினால் பின்னந்தலையில் வினாடிக்குப் பத்து முறை ஒரு அலை எழும்பும். கண்ணைத் திறந்தால் அடங்கும். எந்த மனிதருக்கும் பெரும்பாலும் இப்படித்தான், அதனால் கருவி வேலை செய்கிறதா என்பதற்கு இதுதான் முதல் பரீட்சை. தேறினால் அவளுக்கு அங்கே ஆராய்ச்சி இடம். தேறாவிட்டால் இடம் வேறு யாருக்கோ. தன்னைத் தானே அளந்துகொண்ட பதிவு செல்லாது என்பது விதி. ஆள் தேட வேண்டும்.

ஆட்கள் வந்தார்கள். முதலில் ஒரு மாணவர், பல்லில் கம்பி. இன்னொருத்தி போட்டிருந்த கண் மையில் இரும்புச் சாயம். அந்தோணி அண்ணன் தானே வருவதாகச் சொன்னார், ஆனால் பிறைச் சாலையில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து காலில் தகடு வைத்தவர். அப்புறம் நான்.

நான் உட்கார்ந்ததும் கோடு துள்ளிப் போய்த் திரையின் மேல் விளிம்பில் ஒட்டிக்கொண்டது. பைகளைக் காலி செய்தேன், பெல்ட்டைக் கழற்றினேன், சட்டையை மாற்றினேன். கோடு இறங்கவில்லை. நித்யா கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

“அப்பா, உங்க லங்ஸ்ல இரும்புத் தூள் இருக்கு.”

வெல்டிங் வேலையும் கிரைண்டிங் வேலையும் செய்கிறவர்களின் நெஞ்சில் தங்கிய தூளை அளக்கவே இப்படிப்பட்ட கருவிகளைப் பயன்படுத்துகிறார்களாம். முகமூடி போடவில்லையா என்று கேட்டாள். ஆரம்ப வருடங்களில் முகமூடி கொடுத்தார்கள், மேலதிகாரிகள் பார்வையிட வரும் நாளில், என்றேன். அவள் சிரிக்கவில்லை. இரண்டு நாள் கழித்துப் பிறைக்கு என் பெயரில் ஒரு பெட்டி முகமூடி வந்தது. கூடவே ஒரு வரிச் சீட்டுகூட இல்லை. நான் போனில் நன்றி சொன்னேன். ‘ஓகேப்பா’ என்று வந்தது.

மிச்சம் இருந்தது கனி.

நித்யா ஜெர்மனிக்குப் போகக்கூடும் என்ற சேதி வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. கனி அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் வீட்டில் பேசும் பேச்சுக்கெல்லாம் ஈடுகட்டுகிற மாதிரி பேசாமல் இருக்கக்கூடியவள் அவள். இரண்டு வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இந்த ஊரில் வந்து இறங்கியபோதும் இப்படித்தான் ஒரு மாதம் பேசாமல் இருந்தாள். நித்யா தயங்கித் தயங்கிக் கேட்டதும், சனிக்கிழமைதானே, வாரேன் என்றாள். எங்கள் இருவருக்கும் ஆச்சரியம். ஆச்சரியத்தைக் காட்டினால் மனதை மாற்றிக்கொள்வாளோ என்று, ரொம்ப இயல்பாக இருப்பதுபோல் நடித்தோம்.

ஒப்புதல் படிவம் மூன்று மொழிகளில் இருந்தது. தமிழ்ப் பகுதியை ஏதோ கணினி மொழிபெயர்த்திருக்க வேண்டும். ‘பங்கேற்பாளர் தமது தலையை ஆய்வுக்குச் சமர்ப்பிக்கிறார். காரணம் கூறாமல் எந்நேரமும் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்’ என்று இருந்தது. கனி அதை இரண்டு முறை படித்தாள். திரும்பத் தரும்போது யார் கையெழுத்துப் போடுவார்கள் என்று அந்தோணி அண்ணனிடம் கேட்டாள். அண்ணன் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, தன்னுடையதைத் தான் இன்னும் திரும்ப வாங்கவில்லை என்றார்.

அடுத்த வரியில் வந்தது வில்லங்கம். எல்லா உலோக நகைகளையும் கழற்ற வேண்டும். கனி மெட்டியைக் கழற்றினாள், வளையலைக் கழற்றினாள், கொண்டை ஊசிகளை உருவிக் கொடுத்தாள். கழுத்துக்கு வந்ததும் கை நின்றது.

“இத மட்டும் கேக்காத.”

நித்யா அவசரமாகச் சமாதானம் சொன்னாள். “தங்கம் ஓகேம்மா. தங்கத்துல காந்தம் ஒட்டாது. தாலியப் போட்டுக்குங்க, ஒண்ணும் இல்ல லா.”

அறிவியல் விட்டுக்கொடுத்தது. மரபு ஜெயித்தது. அதற்கப்புறம் எங்களில் ஒருவரும் அந்தத் திசையைத் திரும்பிப் பார்க்கவில்லை. கொக்கி, ஜிப், பொத்தான் ஏதும் இல்லாத ஒரு பருத்தி அங்கியை நித்யா கொடுத்தாள். கனி தானே போய் மாற்றிக்கொண்டு வந்தாள். சங்கிலி அங்கிக்குள் இருந்தது.

5

கதவைச் சாத்தினோம். திரையில் ஒரு அலை.

நித்யா தேடிய அலை வினாடிக்குப் பத்து. இது ஏறி இறங்க நான்கு வினாடி எடுத்துக்கொண்டது, ஃபெர்ரி துறையில் கட்டிய படகு மாதிரி. உயரமோ, மூளை தரக்கூடியதைப்போல நூறு மடங்குக்கு மேல். மூளையின் சேதி அதற்குள் மூழ்கி அடையாளமே தெரியவில்லை.

ஒரு மணி நேரம் தேடினோம். ஏசியை நிறுத்தினோம். போன்களை மாடியில் கொண்டுபோய் வைத்தோம். வெளியே லாரி ஏதாவது எஞ்சினை ஓடவிட்டு நிற்கிறதா என்று பார்க்க அந்தோணி அண்ணன் போனார், யாராவது ‘ரோசாக்’கை நம்பாமல் லிஃப்டில் ஏறிவிட்டார்களா என்றும் பார்த்துவிட்டு வந்தார். நித்யா கட்டைகளை இடம் மாற்றினாள். எங்கே மாற்றினாலும் நெற்றிப் பக்கம் இருக்கும் கட்டையில் அலை பெரிது, பின்னந்தலையில் சிறிது. உணரியைச் சூடாக்கும் பாகம் கெட்டுவிட்டது என்று முணுமுணுத்தாள். ஜெர்மனிக்கு என்ன எழுதுவது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டாள் என்று தெரிந்தது.

காற்று வரட்டும் என்று கதவைத் திறந்தோம். தொப்பி கனியின் தலையிலேயே இருந்தது. நான் வாசலில் நின்றேன். ஒரு கண் திரையில், ஒரு கண் கனியின் மேல். பாட்டையும் மாவு மில்லையும் பிரித்துக் கேட்டவனின் பழைய புத்தி. கதவு திறந்ததும் கோடு ஊரெல்லாம் சுற்றியது. ஆனாலும் அந்த ஊர்சுற்றலின் மேல் அலை மட்டும் அதே தாளத்தில் ஏறி இறங்கியது. கனியின் அங்கியும் அதே தாளத்தில் ஏறி இறங்கியது.

“கனி, கொஞ்சம் மூச்சப் பிடி.”

பிடித்தாள். அலை நின்றது. விட்டாள், அலை வந்தது.

இரண்டு லட்சம் கோடி அணுக்களோ எத்தனையோ, கண்ணாடிக் கூட்டுக்குள் ஒரே திசையில் நின்று, நூறு கோடியில் ஒரு பங்கைக் கேட்கக் காத்திருந்தவை, ஒரு மணி நேரமாக என் மனைவியின் மூச்சை எண்ணிக்கொண்டிருந்திருக்கின்றன. நித்யாவுக்கு அலை மூச்சுதான் என்பது புரிந்துவிட்டது. ஏன் என்பதுதான் புரியவில்லை. “அம்மாவுக்கும் லங்ஸ்ல இரும்பா? அம்மா ஃபேக்டரிக்கே போகலையே.”

எனக்குப் புரிந்துவிட்டது.

தாலிச் சங்கிலியில் ஊக்கு மாட்டி வைக்கும் வழக்கத்தைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சேலை மடிப்புக்கு, அறுந்த செருப்பு வாருக்கு, யார் வீட்டு விசேஷத்திலோ யார் பிள்ளைக்கோ பொத்தான் தெறித்தால் அதற்கு. கனியின் சங்கிலியில் மூன்று. கல்யாணமான நாளிலிருந்து அந்த எண்ணிக்கை குறைந்து நான் பார்த்ததில்லை. என் மோட்டார் சைக்கிளின் கார்புரேட்டர் ஓட்டை அடைத்தால் அதில் ஒன்றைத்தான் இரவல் கேட்பேன். போனில் சிம் மாற்றவும் அதுதான். நாற்காலிக்கு நாலு பக்கமும் காந்தத்தைச் சுற்றிய மந்திரவாதிக்கு, இருபத்தேழு வருடமாகக் கண்ணெதிரே தொங்கும் மூன்று எஃகுக் கம்பிகள் ஞாபகம் வரவில்லை. மூச்சை இழுத்தால் ஊக்குகள் தொப்பியை நோக்கி நூலளவு எழும்பும், விட்டால் இறங்கும். ரூபிடியத்துக்கு அது போதும்.

புரிந்ததும் நான் பேசவில்லை. நம்ப மாட்டீர்கள், ஆனால் நான் பேசவில்லை. ஒரு முழு நிமிடம் இருக்கும். நான் வாயை மூடிக்கொண்டால் பழி கனியின் நுரையீரல் மேல். திங்கட்கிழமை உணரிகள் பெட்டியில் ஏறிவிடும். நித்யா பினாங்கிலேயே இருப்பாள், மெதுவான வைஃபைக்குப் பயந்து கால்மணி நேரத் தூரத்தில். பிள்ளையின் நல்லதுக்காகச் செய்தேன் என்று பின்னால் ஒரு நாள் எனக்கு நானே சொல்லிக்கொள்ளலாம். எனக்கு நானே சொல்லிக்கொள்வதில் அனுபவம் உண்டு.

கனியைப் பார்த்தேன். அவள் எனக்கு முன்னாலேயே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்திருந்ததா, இல்லை அந்த நொடியில்தான் தெரிந்ததா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. கேட்கிற துணிச்சல் உள்ளவர்கள் வந்து கேட்டுக்கொள்ளலாம், டிக்கெட் நான் எடுத்துத் தருகிறேன்.

“சங்கிலில ஊக்கு இருக்கும்மா, நித்யா,” என்றேன்.

நித்யா அம்மாவிடம் திரும்பினாள். கோபம் இல்லை, நம்ப முடியாத ஒரு களைப்பு. “எல்லாத்தையும் கழட்டிட்டேன்னு சொன்னீங்களேம்மா.”

“நகையத்தான கழட்டச் சொன்ன. ஊக்கு நகையாட்டி?”

அந்தோணி அண்ணன் சிரிப்பை அடக்க முடியாமல் லிஃப்டைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டார். நித்யா அம்மாவின் பக்கத்தில் போய்க் குனிந்து, இதுதான் பிரச்சினை, வேறு எதுவும் இல்லை, இதை எடுத்துவிட்டால் பதிவு வந்துவிடும் என்று மெல்ல விளக்கினாள். பேராசிரியரைச் சொன்னாள், திங்கட்கிழமையைச் சொன்னாள். எல்லாம் சொல்லிவிட்டு வாசலுக்கு வந்து நின்றாள். அப்போதுதான், ஜெர்மனியைப் பற்றி ஒரு மாதமாகப் பேசாதிருந்த கனி, நான் தொடக்கத்தில் சொன்ன அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

6

என் மகள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். ரெண்டு வருசம்தாம்மா, படிப்பு முடிஞ்சதும் வந்துருவேன். தயாராகக் கிடக்கும் பதில், நானே உபயோகித்துத் தேய்த்தது. என் அப்பா அதைக் கேட்டுத் தலையாட்டியிருக்கிறார். என்னோடு பஸ் ஸ்டாண்டு வரை வந்து, ஒரு சோடா வாங்கிக் கொடுத்து, இரண்டு வருடம் என்ன, கண்ணைச் சிமிட்டுவதற்குள் போய்விடும் என்று அவரும் சேர்ந்து சொன்னார். அவர் காலமானபோது நான் ஊருக்கு வந்தது நான்கு நாள் விடுமுறையில்.

நித்யா அதைச் சொல்லவில்லை.

“ஆமாம்மா,” என்றாள். “சரியாயிட்டா போயிருவேன். எப்ப வருவேன்னு தெரியாது.”

அவ்வளவுதான். ‘லா’கூடச் சேர்க்கவில்லை.

எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. ஒரு பொய் சொல்லியிருக்கலாமே, எங்களுக்குப் பழகின பொய்தானே என்று இருந்தது. கனிக்கு என்ன இருந்தது என்று தெரியவில்லை. அவள் நித்யாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அங்கிக்குள்ளிருந்து சங்கிலியை வெளியே எடுத்தாள். ஊக்குகள் வருடக்கணக்கில் கழற்றாமல் வியர்வையில் இறுகிப் போயிருந்தன. முதல் ஊக்கை நகத்தால் நெம்பினாள். நித்யா உதவிக்குப் போனாள், வேண்டாம் என்று தலையசைத்தாள். மூன்றையும் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தாள். சூடாக இருந்தன. சங்கிலியை உள்ளே விட்டுக்கொண்டு, தொப்பியைத் தானே சரிசெய்துகொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

நான் ஊக்குகளை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்தின் கடைசிவரை போய், அவற்றை அந்தோணி அண்ணனிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். நித்யா கதவைச் சாத்தியிருந்தாள். திரையில் அந்தப் படகு ஆட்டம் இல்லை. மெலிதான ஒரு நடுக்கத்தோடு கோடு நேராக ஓடியது. முதல் ஐந்து நிமிடம் கண் திறந்திருக்க வேண்டும். நானும் நித்யாவும் பக்கத்துப் பக்கத்தில் நின்று அந்த நேர்கோட்டைப் பார்த்தோம். கடந்த ஐந்து வருடத்தில் நாங்கள் சேர்ந்தாற்போல் ஐந்து நிமிடம் நின்றது அதுவாகத்தான் இருக்கும்.

நேரம் முடிந்ததும் நித்யா மைக்கைப் பிடித்தாள். “அம்மா, இப்ப கண்ண மூடலாம்.”

பெட்டிக்குள் காமிரா கிடையாது. உள்ளே கனி என்ன செய்கிறாள் என்று தெரிந்துகொள்ள எங்களிடம் இருந்தது அந்தக் கோடு ஒன்றுதான். கண்ணை மூட மாட்டேன் என்று ஒருத்தி முடிவு செய்துவிட்டால் உலகத்தில் இருக்கும் எந்த ரூபிடியமும் அவளை ஒன்றும் செய்ய முடியாது. கோடு அப்படியே கிடந்தது. பத்து வினாடி. பதினைந்து. நித்யா மறுபடி மைக்கைத் தொடவில்லை.

பிறகு பின்னந்தலைக் கட்டையின் கோட்டில் சின்னச் சின்ன அலைகள் எழும்பின. வினாடிக்குப் பத்து, ஒன்றன்பின் ஒன்றாக, ஒழுங்காக. கனி கண்ணை மூடிக்கொண்டாள்.